வணிக மண்டலத்தில் மனை இருந்தால் என்ன வேண்டுமானாலும் கட்டலாமா?

கேள்வி இதுதான்: நகரின் மைய வணிகப் பகுதியில் ஒரு மனை இருக்கிறது. திட்ட வரைபடத்தில் ‘வணிக மண்டலம்’ என்று போட்டிருக்கிறது. கீழே கடை, நடுவில் அலுவலகம், மேலே இரண்டு மாடி வீடு என்று கட்ட முடியுமா? பக்கத்து மனையில் 12 மாடி எழும்பி நிற்கிறதே, இங்கே மட்டும் ஏன் 6 மாடிதான் என்கிறார்கள்?

வரைபடத்தில் உங்கள் மனைக்கு அடித்திருக்கும் நிறத்தை வைத்து இந்த இரண்டுக்குமே பதில் சொல்ல முடியாது. அந்த நிறம் சொல்வது மிகக் குறைவு. என்ன தொழில் நடக்கலாம் என்பதை ஓரளவு சொல்லும். எவ்வளவு கட்டலாம், எந்த வடிவில் கட்டலாம் என்பதெல்லாம் வேறு அட்டவணைகளில், வேறு அத்தியாயங்களில் கிடக்கும். மைய வணிகப் பகுதியைப் பொறுத்தவரை பணமும் தகராறும் இருப்பது அந்த இரண்டில்தான். ‘என்ன நடக்கலாம்’ என்பதில் அங்கே பெரும்பாலும் தாராளமாகவே இருப்பார்கள்.

பக்கத்து மனையின் 12 மாடியிலிருந்தே தொடங்கலாம். அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மனை 1,000 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தளப்பரப்புக் குறியீடு, அதாவது எல்லாரும் எஃப்எஸ்ஐ என்று சொல்வது, 3 என்றால் எல்லா மாடியும் சேர்த்து 3,000 சதுர மீட்டர் கட்டலாம். அது எத்தனை மாடி என்று எஃப்எஸ்ஐ சொல்லாது. மனையில் பாதியை அடைத்துக் கட்டினால் மாடிக்கு 500 சதுர மீட்டர், ஆறு மாடியில் முடிந்துவிடும். கால்பங்கில் மட்டும் கட்டி மற்றதைத் திறந்து விட்டால் மாடிக்கு 250, அப்போது 12 மாடி போகலாம். இரண்டு கட்டடத்திலும் பரப்பு ஒன்றுதான். ஆக, பக்கத்துக்காரருக்கு உங்களைவிட இரண்டு மடங்கு கொடுத்துவிட்டார்கள் என்று வெளியே நின்று மாடியை எண்ணி முடிவு கட்டக் கூடாது.

இதே மனையில் உயர வரம்பு 15 மீட்டர் என்று ஒரு விதி இருந்தால் கதையே வேறு. அலுவலக மாடிக்குத் தரையிலிருந்து தரைக்கு 3.6 மீட்டர் என்றால் நாலு மாடிதான் வரும். பாதி மனையில் கட்டினால் 2,000 சதுர மீட்டர். எஃப்எஸ்ஐ புத்தகத்தில் 3 என்று இருந்தாலும் கையில் கிடைப்பது 2. மீதி காகிதத்தோடு சரி. இப்படி எஃப்எஸ்ஐ, உயரம், மனையில் அடைக்கக்கூடிய சதவீதம், சுற்றிலும் காலியாக விடவேண்டிய செட்பேக், பார்க்கிங், சாலை அகலம் என்று ஐந்தாறு வரம்புகள் ஒரே மனை மேல் உட்கார்ந்திருக்கும். எது முதலில் கழுத்தைப் பிடிக்கிறதோ அதுதான் உங்கள் விதி. மற்றவை எவ்வளவு தாராளமாக இருந்தாலும் பயனில்லை. நல்ல கட்டடக் கலைஞர் முதல் நாளே இதைத்தான் கண்டுபிடிப்பார். மனை வாங்கும்போது தரகர் சொல்லும் எஃப்எஸ்ஐ எண்ணை மட்டும் நம்பி விலை பேசுகிறவர்கள் மாட்டிக்கொள்வதும் இங்கேதான்.

சாலை அகலத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை யாரும் முதலில் பார்ப்பதில்லை. இதைத் தெளிவாக எழுதி வைத்திருப்பது ஜப்பான். அங்கே ஒரு வணிக மண்டல மனைக்கு எஃப்எஸ்ஐ 600 சதவீதம், அதாவது நம் கணக்கில் 6, என்று குறித்திருக்கலாம். ஆனால் முன்னால் உள்ள சாலை 12 மீட்டருக்குக் குறைவாக இருந்தால், சாலை அகலத்தை 0.6 ஆல் பெருக்கி வரும் எண்தான் உச்சவரம்பு. நாலு மீட்டர் சந்து என்றால் 4 பெருக்கல் 0.6, அதாவது 2.4. ஆயிரம் சதுர மீட்டர் மனையில் 6,000 கட்டலாம் என்று நினைத்தவருக்கு 2,400 தான். மெயின் ரோட்டு மனைக்கு முழுசாகக் கிடைக்கும். அதற்குப் பின்னால், சந்துக்குள் திரும்பினால், அதே நிறம், அதே மண்டலம், ஆனால் பாதிகூடத் தேறாது. குடியிருப்பு மண்டலங்களில் பொதுவாகப் பெருக்கும் எண் 0.4, இன்னும் கடுமை. உங்களுக்கு 6, அவருக்கு 12 என்பதற்கு மிகச் சாதாரணமான காரணம் இதுவாகவே இருக்கலாம்: அவர் மனை அகலமான சாலையைப் பார்க்கிறது, உங்களுடையது குறுக்குத் தெருவைப் பார்க்கிறது.

இதில் நியாயம் இருக்கிறதா என்றால், எனக்கு இருப்பதாகத்தான் படுகிறது. தீயணைப்பு வண்டி நுழைய வேண்டும், சாக்கடையும் குடிநீர்க் குழாயும் தாங்க வேண்டும், எதிர்வீட்டுக்கு வெளிச்சம் விழ வேண்டும். வாஷிங்டனில் 1910-ல் வந்த உயரச் சட்டமும் இதே தர்க்கத்தில்தான் எழுதப்பட்டது: சாலை அகலத்தோடு 20 அடி கூட்டினால் வருவதுதான் கட்டடத்தின் உயரம், வணிகத் தெருக்களில் பொதுவாக அதிகபட்சம் 130 அடி. அந்த ஊரில் இன்றும் வானளாவிகள் இல்லாததற்கு அதுதான் காரணம்.

இந்த விதிகள் எல்லாம் எங்கிருந்து வந்தன என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால், அதிகாரி ஏன் இப்படிக் கேட்கிறார் என்பது புரியும். நகரத்தை மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு நெருக்கமாகக் கட்டலாம் என்று வரையறுக்கும் வேலையை ஜெர்மன் நகரங்கள் முதலில் செய்தன. ஃபிராங்க்ஃபர்ட் 1891-லேயே அப்படி ஒரு விதித்தொகுப்பைக் கொண்டுவந்துவிட்டது. ஆனால் வணிக மையத்துக்கான மண்டல விதி என்று இன்று நாம் அறிவது பெரும்பாலும் நியூயார்க்கின் பிள்ளை.

1915-ல் அங்கே பிராட்வே தெருவில் ஈக்விட்டபிள் கட்டடம் எழுந்தது. ஒரு ஏக்கருக்கும் சற்றுக் குறைவான மனையில் 12 லட்சம் சதுர அடி. மனைப் பரப்பைப் போல ஏறத்தாழ 30 மடங்கு. தெரு விளிம்பிலிருந்து ஓர் அங்குலம்கூட உள்ளே தள்ளாமல் நேராக மேலே போனது. அப்போது அதைத் தடுக்க எந்த விதியும் இல்லை, அவர்கள் செய்ததில் சட்டப்படி ஒரு தப்பும் இல்லை. பக்கத்துக் கட்டடங்கள் நாள் முழுக்க நிழலில் கிடந்தன. வெளிச்சம் போனால் வாடகைக்காரரும் போவார், அப்புறம் கட்டடத்தின் மதிப்பும் போகும். பாதிக்கப்பட்டவர்கள் ஏழைபாழைகள் அல்ல, நிலச்சுவான்தார்கள். அதனால் வேலை வேகமாக நடந்தது. அடுத்த வருடமே, 1916-ல், நகரம் முழுவதற்குமான மண்டல விதி வந்துவிட்டது.

அதே சமயத்தில் இன்னொரு கூட்டமும் அந்த விதிக்காக மும்முரமாக நின்றது: ஐந்தாவது அவென்யூவின் பெரிய கடைக்காரர்கள். துணி தைக்கும் பட்டறைகள் தங்கள் தெருவுக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டன, மதிய வேளையில் தொழிலாளர்கள் நடைபாதையை நிறைத்துவிடுகிறார்கள், வசதியான வாடிக்கையாளர்கள் வரத் தயங்குகிறார்கள் என்பது அவர்கள் புகார். காற்று, வெளிச்சம், சுகாதாரம் என்ற பேச்சோடு இந்தக் கணக்கும் சேர்ந்துதான் முதல் விதி பிறந்தது. மண்டல விதியைப் புனிதமாகப் பார்க்க வேண்டியதில்லை என்பதற்காகச் சொல்கிறேன். பொதுநலமும் பக்கத்துக்காரரின் சொத்து மதிப்பும் அதில் எப்போதும் கலந்தே இருக்கும். எது எவ்வளவு என்பது ஊருக்கு ஊர் மாறும்.

1916 விதி உயரத்துக்குத் தடை போடவில்லை என்பது கவனிக்க வேண்டிய விஷயம். தெரு அகலத்துக்கு ஏற்ப ஒரு உயரம் வரை நேராகப் போகலாம், அதற்கு மேல் படிப்படியாக உள்ளே தள்ளிக்கொண்டே போக வேண்டும், மனையில் கால்பங்குக்குள் அடங்கிவிட்டால் அதற்கப்புறம் எவ்வளவு உயரமும் போகலாம். 1931-ல் முடிந்த எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் படிக்கட்டு போன்ற உருவம் இந்த விதி செதுக்கியதுதான்.

எஃப்எஸ்ஐ அந்த ஊருக்குள் வந்தது 1961-ல், விதியை முழுசாக மாற்றி எழுதியபோது. மிக நெருக்கமான வணிக மாவட்டங்களுக்கு 15 என்று வைத்தார்கள். கூடவே ஒரு சலுகை: தரைமட்டத்தில் பொதுமக்களுக்குத் திறந்தவெளி விட்டால் 20 சதவீதம் கூடுதல், அதாவது 18 வரை. 1958-ல் வந்த சீகிராம் கட்டடம் முன்னால் அழகான சதுக்கம் விட்டு உள்ளே தள்ளி நின்றது. அதைப் பார்த்து எல்லாரும் அப்படிக் கட்டட்டும் என்று ஆசைப்பட்டார்கள். எல்லாரும் கட்டினார்கள்தான். பெரும்பாலான இடங்களில் கிடைத்தது நிழலும் இல்லாமல், உட்காரத் திண்டும் இல்லாமல் காற்று வீசும் வெற்றுக் கல்தரை. ஒரு சதுர அடி திறந்தவெளிக்குப் பத்து சதுர அடி கட்டடம் கூடுதலாகக் கிடைக்கும்போது, அந்தத் திறந்தவெளியில் மக்கள் உட்காருகிறார்களா என்று யார் கவலைப்படுவார்? வில்லியம் வைட் என்பவர் 1970-களில் இந்தச் சதுக்கங்களில் கேமரா வைத்து, எங்கே ஆள் சேருகிறது, எங்கே சேரவில்லை என்று பார்த்தார். உட்கார இடம் இருக்கும் இடத்தில் மக்கள் உட்காருகிறார்கள் என்பதுதான் அவர் கண்டுபிடித்தது. கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் அதை விதியில் எழுத வேண்டியிருந்தது. 1975-க்குப் பிறகு இருக்கை, மரம், விளக்கு என்று ஒவ்வொன்றாக விதியில் எழுதிச் சேர்த்தார்கள். உங்கள் ஊரின் விதியிலும் ‘பொதுத் திறந்தவெளி விட்டால் கூடுதல் பரப்பு’ என்று ஒரு வரி இருந்தால், அதன் வம்சம் இதுதான். அந்த வரிக்குக் கீழே நீளமான நிபந்தனைப் பட்டியல் இருந்தால் எரிச்சல் வேண்டாம், காரணம் இருக்கிறது.

சரி, பக்கத்துக்காரரின் 12 மாடிக்குத் திரும்புவோம். சாலையும் ஒன்று, மனையும் ஒரே அளவு, மனையில் அடைத்திருப்பதும் அதே அளவு, ஆனாலும் அவர் இரட்டிப்பாகக் கட்டியிருக்கிறார் என்றால் இன்னும் சில வாய்ப்புகள் உண்டு. ஒன்று, இப்போதைய விதி வருவதற்கு முன்பே கட்டியிருக்கலாம். பழைய விதிப்படி முறையாக எழுந்த கட்டடம் புது விதிக்கு முரணாக இருந்தாலும் நிற்க விடுவார்கள். ஆனால் அது ஊன்றுகோலில் நிற்கும் உரிமை. இடித்துக் கட்டினாலோ, பெரும்பகுதி எரிந்துபோனாலோ, பயன்பாட்டைக் குறிப்பிட்ட காலத்துக்கு மேல் நிறுத்தி வைத்தாலோ உரிமை போய்விடும், புது விதிதான் பொருந்தும் என்று பல ஊர்களில் எழுதியிருப்பார்கள். ‘அவருக்கு விட்டீர்களே, எனக்கும் விடுங்கள்’ என்று இதைக் காட்டி வாதிட்டால் செல்லாது.

இன்னொன்று, அவர் வேறு மனையின் உரிமையை விலைக்கு வாங்கியிருக்கலாம். கட்ட அனுமதி இருந்தும் கட்ட முடியாத மனைகள் உண்டு: பாரம்பரியக் கட்டடம் நிற்கும் மனை, சாலை விரிவாக்கத்துக்குப் போன மனை. அதன் உரிமையாளர் பயன்படுத்தாத பரப்பை விற்க அனுமதிப்பதுதான் மாற்றத்தக்க வளர்ச்சி உரிமை, சுருக்கமாக டிடிஆர். இது சட்டப்படி நின்றதற்குப் பெரிய வழக்கு நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையம். நிலையத்தின் தலைக்கு மேல் ஐம்பது மாடிக்கும் கூடுதலாக ஒரு கோபுரம் எழுப்ப உரிமையாளரான ரயில் நிறுவனம் கேட்டது. பாரம்பரியச் சின்னம் என்று நகரம் மறுத்தது. 1978-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நகரத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நிலையம் இப்போதும் வருமானம் தருகிறது, மேலே கட்ட முடியாத பரப்பைப் பக்கத்து மனைகளுக்கு மாற்றவும் வழி இருக்கிறது, ஆகவே சொத்தைப் பிடுங்கிக்கொண்டதாக ஆகாது என்பது தீர்ப்பின் சாரம். அதே மாதிரி உங்கள் பக்கத்தில் ஏதோ ஒரு பழைய நூலகமோ தேவாலயமோ தன் தலைக்கு மேல் உள்ள வெற்றிடத்தை விற்று ஓடு மாற்றியிருக்கலாம். அந்த வெற்றிடம்தான் இப்போது உங்கள் ஜன்னலுக்கு எதிரே நிற்கிறது.

மூன்றாவதாக, வரைபடத்தின் மேல் இன்னொரு வரைபடம் இருக்கும். விமான நிலையப் பாதை, ஆற்றங்கரை, பாரம்பரியப் பகுதி, மெட்ரோ சுரங்கத்தின் மேல் உள்ள பட்டை, பார்வைக் கோடு. லண்டனில் செயின்ட் பால் தேவாலயத்தின் குவிமாடம் குறிப்பிட்ட இடங்களிலிருந்து தெரிய வேண்டும் என்று 1930-களிலிருந்தே உயரத்தைக் கட்டுப்படுத்துகிறார்கள். அந்தக் கோடு ஒரு மனையின் மேல் விழும், அடுத்த மனையை விட்டுவிடும். பாரிஸில் 1973-ல் மோன்பர்னாஸ் கோபுரம் 209 மீட்டருக்கு எழுந்து ஊரே முகம் சுளித்தது. 1977-ல் நகரத்துக்குள் உயரத்தை 37 மீட்டரில் நிறுத்தினார்கள். உயரமான அலுவலகங்கள் நகர எல்லைக்கு வெளியே லா டெஃபான்ஸில் குவிந்தன. ஒரே ஒரு கட்டடத்தின் மேல் வந்த கோபம் ஒரு தலைநகரத்தின் உயர விதியையே இறுக்கியிருக்கிறது.

இனி முதல் கேள்வி: மேலே வீடு வைக்கலாமா?

இதற்கு விதித்தொகுப்புகள் இரண்டு வகையாக எழுதப்பட்டிருக்கும். ஒன்றில், ‘இவை மட்டும் அனுமதி’ என்று பட்டியல் இருக்கும். அதில் வீடு இல்லை என்றால் இல்லைதான். மற்றொன்றில், ‘இவை மட்டும் கூடாது’ என்று இருக்கும். ஜப்பானின் வணிக மண்டலம் இரண்டாவது வகை. பெரிய ஆலை, அபாயகரமான தொழில் போன்றவற்றை விலக்கிவிட்டு மற்ற எல்லாவற்றையும் விடுகிறது, வீடு உட்பட. அமெரிக்காவின் பெரும்பாலான ஊர்கள் முதல் வகையில் வளர்ந்தவை. கிளீவ்லாந்துக்குப் பக்கத்தில் உள்ள யூக்ளிட் என்ற சிற்றூரின் விதி 1926-ல் உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்தது. அதிலிருந்து வீடு தனி, கடை தனி, ஆலை தனி என்று கோடு கிழிப்பது அங்கே பழக்கமாகிவிட்டது. உங்கள் ஊரின் தொகுப்பு எந்த வகை என்று முதல் பக்கங்களிலேயே தெரிந்துவிடும். இரண்டாவது வகையாக இருந்தால் நீங்கள் பாக்கியசாலி.

வணிக மையத்தில் வீடு கூடாது என்பதற்குச் சொல்லப்படும் காரணங்களில் வலுவானது ஒன்றுதான். வீட்டுக்கு விலை ஏறும்போது கட்டடக்காரர்கள் அலுவலகத்தை வீடாக மாற்றிவிடுவார்கள், வீடு ஒருமுறை பலருக்குப் பிரித்து விற்றுப்போனால் அந்த மனையை மறுபடி அலுவலகமாகத் திருப்பவே முடியாது. நூறு வீட்டுச் சொந்தக்காரர்களிடம் யார் கையெழுத்து வாங்குவது? இங்கிலாந்தில் 2013-ல் அலுவலகத்தைத் திட்ட அனுமதியில்லாமலே வீடாக மாற்றலாம் என்று விதியைத் தளர்த்தியபோது, லண்டனின் நிதி மையமான சிட்டி பகுதி விலக்குக் கேட்டு வாங்கியது இந்தப் பயத்தில்தான். வேலைகள் அடர்ந்து கிடப்பதுதான் அந்த இடத்தின் பலம், அதைச் சிதற விட மாட்டோம் என்றார்கள். அதில் நியாயம் இருக்கிறது.

எதிர்த் தரப்புக்கும் அதே அளவு நியாயம் உண்டு. அலுவலகம் மட்டுமே இருக்கும் இடம் மாலை ஆறு மணிக்கு மேல் ஆளரவம் இல்லாமல் போய்விடும், ஞாயிற்றுக்கிழமை கடையைத் திறந்தால் மின் கட்டணத்துக்குக்கூடத் தேறாது. மெல்போர்ன் 1992-ல் ‘போஸ்ட்கோட் 3000’ என்ற திட்டத்தோடு மைய நகரத்துக்குள் குடியிருப்பவர்களைக் கொண்டுவர முனைந்தது. நியூயார்க் 1995-ல் மன்ஹாட்டனின் தெற்கு முனையில் பழைய அலுவலகங்களை வீடாக மாற்ற வரிச் சலுகை கொடுத்தது. சிங்கப்பூர் 2019-ல் தன் வணிக மையத்தின் பழைய அலுவலகப் பகுதிகளில், கட்டடத்தைக் கலப்புப் பயன்பாட்டுக்கு மாற்றினால் கூடுதல் பரப்பு என்று ஊக்கத் திட்டம் போட்டது. 2020-க்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை என்று ஆனதும், காலி அலுவலகத்தை என்ன செய்வதென்று தெரியாத பல ஊர்கள் இந்த வழிக்கு வந்தன. கனடாவின் கால்கரி 2021-ல் மாற்றுச் செலவுக்கு நகரமே மானியம் கொடுக்கத் தொடங்கியது.

ஆக, காற்று உங்கள் பக்கம்தான் வீசுகிறது. ஆனாலும் விதியில் ‘கலப்புப் பயன்பாடு அனுமதி’ என்று இருப்பதால் மட்டும் மேலே வீடு வந்துவிடாது. வீடு என்றதும் வேறு அத்தியாயங்கள் விழித்துக்கொள்ளும். அலுவலகத்தில் நடுவில் உட்காருபவருக்கு ஜன்னல் இல்லாவிட்டால் பரவாயில்லை, படுக்கை அறைக்கு ஜன்னல் வேண்டும். எனவே வெளிச்சுவரிலிருந்து எவ்வளவு ஆழம் வரை அறை வைக்கலாம் என்பது சிக்கும். பெரிய அகலத் தளம் கொண்ட அலுவலகங்களை வீடாக மாற்றுவது கடினம் என்பதற்கு இதுதான் முக்கியக் காரணம், நடுவில் இருட்டு மிஞ்சும். கடைக்கு வருகிறவரும் வீட்டுக்குப் போகிறவரும் ஒரே படிக்கட்டில் போகக் கூடாது, தனி நுழைவாயில், தனி மின்தூக்கி என்று கேட்பார்கள். தீத்தடுப்பு விதியில் தூங்குமிடம் என்றாலே கண்டிப்பு கூடும். கீழே உணவகத்துக்கு இடம் விட எண்ணம் இருந்தால் அதன் புகைக்குழாய் எல்லா மாடியையும் தாண்டி மொட்டைமாடிக்குப் போக வேண்டும். வரைபடம் போடும்போதே அதற்கு இடம் விடாவிட்டால் பிறகு வீட்டுக்காரர்கள் பத்து வருடம் உங்களைத் திட்டுவார்கள்.

தரைத்தளத்துக்குத் தனி விதி இருக்கிறதா என்றும் பாருங்கள். முக்கியத் தெருக்களில் கீழ்மாடி கடையாகவோ உணவகமாகவோதான் இருக்க வேண்டும், முகப்பில் இத்தனை சதவீதம் கண்ணாடி வேண்டும், பார்க்கிங் நுழைவு முன்தெருவில் கூடாது என்று சில ஊர்கள் வைத்திருக்கின்றன. நல்ல விதிதான், ஆனால் எல்லாத் தெருவுக்கும் போட்டால் ஆள் நடக்காத சந்தில் காலிக் கடைகள் வரிசையாகத் தூசி படியும்.

பார்க்கிங் பற்றிக் கொஞ்சம் கோபமாகவே எழுதப் போகிறேன். மைய வணிகப் பகுதிக்கு எழுதப்பட்ட விதிகளிலேயே மோசமானது எது என்று கேட்டால், ‘குறைந்தபட்சம் இத்தனை காருக்கு இடம் விட வேண்டும்’ என்பதைத்தான் சொல்வேன். நம்முடைய அதே 1,000 சதுர மீட்டர் மனையை எடுத்துக்கொள்ளுங்கள். 3,000 சதுர மீட்டர் கட்டடம். 50 சதுர மீட்டருக்கு ஒரு கார் என்று விதி இருந்தால் 60 கார். ஒரு கார் நிற்கவும், திரும்பவும், சரிவுப்பாதையில் ஏறி இறங்கவும் சேர்த்து 30 சதுர மீட்டர் பிடிக்கும். மொத்தம் 1,800. அதாவது ஆட்கள் இருக்கும் இடத்தில் பாதிக்கும் மேல் கார்களுக்கு. ஒரு அடித்தளத்துக்கு 800 சதுர மீட்டர் தோண்ட முடிந்தால்கூட இரண்டு போதாது, மூன்றாவது தோண்ட வேண்டும். நிலத்தடி நீர் மட்டம் உயரமாக இருக்கும் ஊரில் மூன்றாவது அடித்தளம் என்பது கட்டடத்தின் செலவையே புரட்டிப்போடும். முடிவில் என்ன நடக்கும்? உங்களைத் தடுப்பது எஃப்எஸ்ஐயாகவோ உயர வரம்பாகவோ இருக்காது, பார்க்கிங் அட்டவணையாக இருக்கும். பேருந்தும் ரயிலும் வந்து சேருகிற, நகரத்திலேயே நிலம் மிக விலை கூடிய இடத்தில், காரை நிறுத்தக் கட்டாயமாக இடம் கட்டச் சொல்வது என்ன திட்டமிடல்?

இதைப் பல ஊர்கள் உணர்ந்துவிட்டன. லண்டன் 2004-ல் குறைந்தபட்சத்தைத் தூக்கிவிட்டு, இவ்வளவுக்கு மேல் கூடாது என்று அதிகபட்சம் வைத்தது. மெக்ஸிகோ நகரம் 2017-ல் அதையே செய்தது. அமெரிக்காவின் பஃபலோ நகரமும் அதே வருடம் குறைந்தபட்சத்தை நீக்கியது. மண்டல விதியே இல்லாத ஊர் என்று பேர் வாங்கிய ஹூஸ்டனைக்கூட இங்கே சொல்ல வேண்டும். 1948, 1962, 1993 என்று மூன்று முறை வாக்கெடுப்பில் மக்கள் மண்டல விதியை நிராகரித்த ஊர் அது. ஆனால் அங்கேயும் பார்க்கிங் குறைந்தபட்சம் மட்டும் இருந்தது, அதிலிருந்து மைய வணிகப் பகுதிக்கு விலக்குக் கொடுத்திருந்தார்கள். விதியே பிடிக்காத ஊருக்கும் மையப் பகுதியில் அது ஒத்துவராது என்று தெரிந்திருக்கிறது. உங்கள் ஊரில் இன்னும் குறைந்தபட்சம் இருந்தால், ரயில் நிலையத்துக்கு இத்தனை மீட்டருக்குள் இருந்தால் தள்ளுபடி, பக்கத்துப் பொது பார்க்கிங்கில் குத்தகை எடுத்தால் தள்ளுபடி, பணம் கட்டி ஈடு செய்யலாம் என்று ஏதாவது ஒரு சந்து அந்த அத்தியாயத்தின் கடைசிப் பத்தியில் இருக்கலாம். அதைக் கட்டாயம் தேடிப் பாருங்கள்.

எல்லாம் பார்த்த பிறகும் உங்கள் திட்டம் விதிக்குள் அடங்கவில்லை என்றால் கதவுகள் மூன்று. இவற்றைக் குழப்பிக்கொள்கிறவர்கள்தான் அதிகம். முதலாவது, நிபந்தனை அனுமதி: விதியிலேயே ‘குழுவின் ஒப்புதலோடு அனுமதிக்கலாம்’ என்று எழுதியிருக்கும் பயன்பாடுகள். திருமண மண்டபம், திரையரங்கு, எரிபொருள் நிலையம் போன்றவை இதில் வரும். கேட்பது உங்கள் உரிமை, பக்கத்தில் இருப்பவர்களின் ஆட்சேபத்தைக் கேட்டு முடிவு செய்வார்கள். இரண்டாவது, தளர்வு: மனை கோணலாக இருக்கிறது, நடுவில் பாறை இருக்கிறது, ஆகவே பக்கவாட்டு செட்பேக்கில் ஒரு மீட்டர் குறைத்துக் கொடுங்கள் என்று கேட்பது. இதில் கஷ்டம் மனையுடையதாக இருக்க வேண்டும், உங்களுடையதாக இருக்கக் கூடாது. ‘அதிக விலை கொடுத்து வாங்கிவிட்டேன், இன்னும் இரண்டு மாடி இருந்தால்தான் கட்டுப்படியாகும்’ என்பது கஷ்டக் கணக்கில் சேராது. மூன்றாவது, நில வகை மாற்றம்: விதியையே உங்கள் மனைக்கு மாற்றச் சொல்வது. இது நிர்வாக முடிவாக இல்லாமல் கொள்கை முடிவாகிவிடும், அறிவிப்பு, ஆட்சேபம், கூட்டம் என்று நீளும். சுற்றிலும் எல்லாம் ஒரு வகையாக இருக்க உங்கள் ஒரு மனைக்கு மட்டும் மாற்றிக் கொடுத்தால் நீதிமன்றத்தில் அடிபடும் வாய்ப்பும் அதிகம். முடிந்தவரை முதல் கதவோடு நிறுத்திக்கொள்வது நல்லது. சில சமயம் கட்டடத்தை ஒன்றரை மீட்டர் நகர்த்தினாலே எந்தக் கதவும் தட்டாமல் வேலை முடிந்துவிடும்.

நடைமுறையில் நான் சொல்லும் வரிசை இது. முதலில் சாலையின் அகலத்தை அளந்து பாருங்கள், பத்திரத்தில் இருப்பதையும் தரையில் இருப்பதையும் தனித்தனியாக. விரிவாக்கத்துக்கு என்று குறித்திருந்தால் உங்கள் மனையில் எவ்வளவு போகிறது என்று கேளுங்கள், ஏனென்றால் செட்பேக் அந்தப் புதுக் கோட்டிலிருந்துதான் கணக்காகும். அப்புறம் மேலே விழும் மற்ற வரைபடங்கள்: பாரம்பரியம், விமானப் பாதை, வெள்ளப் பகுதி. அதற்குப் பிறகு பார்க்கிங் அட்டவணை. எஃப்எஸ்ஐயையும் பயன்பாட்டுப் பட்டியலையும் கடைசியில் பார்த்தால் போதும். எஃப்எஸ்ஐயில் எது சேரும், எது சேராது என்ற விளக்கக் குறிப்பையும் படியுங்கள். படிக்கட்டு, மின்தூக்கிக் கூண்டு, பால்கனி, அடித்தளம், இயந்திர அறை ஆகியவற்றை ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு மாதிரி கணக்கிடுகிறது. இதிலேயே ஒரு மாடிக்குச் சமமான வித்தியாசம் வந்துவிடும்.

பத்திரத்தையும் ஒருமுறை வக்கீலிடம் காட்டுங்கள். நகர விதி அனுமதித்தாலும், முன்பு மனையை விற்றவர் ‘இங்கே வீடு கூடாது’ என்றோ ‘இத்தனை அடிக்கு மேல் கட்டக் கூடாது’ என்றோ நிபந்தனை போட்டிருக்கலாம். ஹூஸ்டனில் மண்டல விதியின் வேலையைப் பெருமளவு செய்வதே இந்தத் தனியார் நிபந்தனைகள்தான்.

இன்னொரு விஷயம், தேதி. திட்டத்தைத் திருத்தும் வேலை நடந்துகொண்டிருந்தால், விண்ணப்பித்த நாளின் விதி பொருந்துமா, அனுமதி கிடைக்கும் நாளின் விதி பொருந்துமா என்று ஊருக்கு ஊர் மாறும். அனுமதிக்கு ஆயுள் எவ்வளவு, அதற்குள் வேலையைத் தொடங்கினால் போதுமா, முடிக்க வேண்டுமா என்பதும் அப்படியே. இந்த மூன்றையும் வாய்வார்த்தையாகக் கேட்டு வராமல், மனை எண்ணைக் குறிப்பிட்டு எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். கட்டடக் கலைஞருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அந்தக் கடிதம் கையில் இருக்கட்டும்.